மெல் கடை ஜன்னலில் வெர்லீன்

வெர்லீன் ஹாட்ஜஸுக்குத் திட்டுவதற்குத்தான் சம்பளம் என்று சிகாகோவின் வடபகுதியில் பாதிப்பேர் நம்பிக்கொண்டிருந்தார்கள். சம்பளம் ரொட்டிக்கு நடுவே சாசேஜ் வைத்துக் கொடுப்பதற்கு. திட்டு அவளாகச் சேர்த்துக் கொடுத்தது.

கிளார்க் தெருவில் இருந்த மெல் கடை பகலில் மற்ற ஹாட் டாக் கடைகளைப் போலத்தான். குழந்தைவண்டி தள்ளிக்கொண்டு தாய்மார்கள் வருவார்கள், தபால்காரர் வருவார், ஒரு பல் டாக்டர் வருவார். வெங்காயம் வேண்டாம், மிளகாய் கூட ஒன்று என்பார்கள். இதோ என்று கொடுத்துவிடுவார்கள். பார்கள் மூடத் தொடங்கியதும் அதே ஜன்னல், அதே வெந்நீர்த் தொட்டி, அதே கடுகுச் சாந்து பாட்டில், ஆனால் கடை வேறாகிவிடும். வரிசை நடைபாதையில் வளைந்து பக்கத்துச் சலவைக்கடையைத் தாண்டிப் போகும். நிற்கிறவர்களில் நிதானத்தில் இருப்பவர் ஒருவரும் இருக்கமாட்டார். எல்லாருக்கும் பசி. அதைவிட, வெர்லீன் வாயால் நாலு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொள்ள ஆசை.

"சீக்கிரம் சொல்லுடா. உன் பின்னாடி நிக்கிறவனுக்கு வயசாவுது."

"எனக்கு... அது வந்து..."

"என்ன படிக்கிற?"

"சட்டம்."

"கிழிஞ்சுது. உன் கட்சிக்காரன் ஜெயிலுக்குப் போயி, தண்டனை முடிஞ்சு, வெளிய வந்து பேரப்பிள்ளயும் எடுத்துடுவான். நீ இன்னும் 'அது வந்து'லயே நிப்ப. ரொஹேலியோ, இவனுக்கு ஒண்ணு சுட்டதா போடு. வாயில எதயாவது அடைச்சாத்தான் தெளியும்."

அடுப்பில் நிற்கிற ரொஹேலியோவோடு சேர்ந்து வரிசை முழுக்கச் சிரிக்கும். திட்டு வாங்கியவன்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரிப்பான். சிலர் திருப்பிக் கொடுப்பார்கள். அதில் பாதி அசிங்கமாக இருக்கும். சொன்னவன் வாயை மூடுவதற்குள் வெர்லீன் அதைவிடப் பெரிதாக ஒன்றை எடுத்து வீசிவிடுவாள். எச்சில் விழுங்க இடைவெளி இருக்காது. இப்படி விடியற்காலை நாலு மணி வரை போகும்.

இதை யாரும் திட்டம் போட்டுத் தொடங்கவில்லை. நகரத்தின் மேற்குப் பக்கத்தில் ஆஸ்டின் பகுதியில் இருந்த மிட்டாய் ஃபேக்டரியை மூடியபிறகு, கைக்குழந்தை ரெனீட்டாவை அக்கா வீட்டில் விட்டுவிட்டு வெர்லீன் இந்த ராத்திரி வேலைக்கு வந்தாள். வந்த முதல் குளிர்காலத்தில் ஒருவன் ஜன்னலைத் தட்டித் தட்டி, "ஏ, செவிடா நீ? எவ்வளவு நேரம்?" என்று ஆரம்பித்து அவளைக் கண்டபடி பேசினான். அன்று ரெனீட்டாவுக்குக் காய்ச்சல். வெர்லீனுக்கு எங்கிருந்து வந்ததோ, வாயைத் திறந்தாள். அவன் போட்டிருந்த கோட்டிலிருந்து அவனைப் பெற்றவள் வளர்த்த லட்சணம் வரை ஒன்றையும் விடவில்லை. பேசி முடித்ததும் வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டாள். வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். உள்ளே கல்லாவில் இருந்த முதலாளி மெல் எழுந்து வந்தவர், அந்தக் கைதட்டலைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். அடுத்த வாரம் அதே ஆள் நாலு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வந்து, "அன்னிக்குத் திட்டினியே, அது மாதிரி இவங்களயும் திட்டு" என்று கேட்டான்.

பிறகு வருஷங்கள் ஓடின. கல்யாண ராத்திரியில் வெள்ளை கவுனோடு வந்து திட்டு வாங்கிய பெண்கள் உண்டு. ஊரிலிருந்து வந்த மாமனாரை அழைத்து வந்து திட்டு வாங்க வைத்தவர்கள் உண்டு. போலீஸ்காரர்கள் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வந்து நிற்பார்கள். வாடகைக்கு வீடு காட்டுகிற தரகர்கள் மட்டும் அந்தப் பக்கம் பகலில்தான் கூட்டிப்போவார்கள், கடையின் பேச்சை எடுக்கமாட்டார்கள். "அந்த மூலயிலயா? காது இருக்கறவன் குடியிருப்பானா?" என்பது அக்கம்பக்கத்தில் பாதிப்பேர் பேச்சு. "அது இல்லாட்டி இந்தத் தெருவுல என்ன இருக்கு?" என்பது மீதிப்பேர் பேச்சு.

முதல் கட்சிக்குத் தலைவர் கஸ்மரெக். கடைக்குப் பின்னால் சந்துக்கு அந்தப் பக்கம் இரண்டாம் மாடியில் தனியாக இருந்தார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை தவறாமல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் போடுவார். எடுக்கிறவர்களுக்கு அவர் குரல் பழகிவிட்டது. சில ராத்திரி பனியனோடு ஜன்னலில் சாய்ந்துகொண்டு அவரே கத்துவார், வெர்லீன் திறந்த பின்கதவு வழியாகத் திருப்பிக் கத்துவாள்.

"மனுஷன் தூங்கவேண்டாமா?"

"யோவ் கஸ்மரெக், ஜன்னலச் சாத்து. உன் பனியனப் பாத்து என் ரொட்டி வெறைக்குது."

அதற்கும் வரிசை கைதட்டும். அவர் ஜன்னலைப் படார் என்று அடைப்பார்.

வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வெர்லீன் வேறு ஆள். அந்த நேரத்தில் அவள் பகுதிக்கு ரயில் கிடையாது. ராத்திரி பஸ்ஸில் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு போவாள். அதே வழியில் போகிற ஆஸ்பத்திரியில் பெருக்குகிற பெண்கள் அவளுக்குத் தலையசைப்பார்கள், அவளும் அசைப்பாள், அவ்வளவுதான். வீட்டில் டிவியைக்கூடச் சத்தமில்லாமல் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடகர் வரிசையில் நின்று பாடுவது தவிர அவள் குரலை அவள் குடியிருந்த தெருவில் யாரும் அதிகம் கேட்டதில்லை. ரெனீட்டா வளர்ந்து ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூட வேலை பார்க்கிற பெண் ஒரு வீடியோவைக் காட்டி, "இந்தப் பொம்பளயப் பாரேன், சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குது" என்றாளாம். ரெனீட்டா அன்று சாயங்காலம் வந்து, "அம்மா, அதுல நீங்க சிரிக்கவே இல்லம்மா. யாருமே அதக் கவனிக்கல" என்று மட்டும் சொன்னாள். வெர்லீன் காலைக் கழுவிக்கொண்டு படுத்துவிட்டாள்.

ஒரு வசந்தகாலத்தில் அவள் குரல் உடைந்தது. முதலில் கரகரத்தது, பிறகு வார்த்தை பாதியில் காற்றாகப் போனது. தேன், இஞ்சி, உப்புத்தண்ணீர் எல்லாம் ஆனது. சர்ச்சில் ஒரு பாட்டின் நடுவே வாய் திறந்திருக்க ஒன்றும் வராமல் நின்ற அன்று பயம் வந்தது. அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, "குரல் நாண்ல காய்ச்சுப் போயிருக்கு. பாடறவங்களா நீங்க?" என்று கேட்டாள்.

"சர்ச்சில. ஞாயித்துக்கிழம மட்டும்."

"அதுக்கு இவ்வளவு ஆகாதே. என்ன வேல பாக்கறீங்க?"

"ஹாட் டாக் கடை."

"அடுப்புப் புகையா இருக்குமோ?"

"பொக இல்ல டாக்டர். ஜனங்களத் திட்டுவேன்."

டாக்டர் கையிலிருந்ததை வைத்துவிட்டு எந்தக் கடை என்று கேட்டாள். சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. "நீங்களா? பரீட்ச முடிஞ்ச அன்னிக்கு நாங்க எல்லாம் வந்தோமே. என்கூட வந்தவன வேகாத ரொட்டின்னு சொன்னீங்க. இன்னிவரைக்கும் அவன அப்படித்தான் கூப்பிடறோம்." பிறகு தான் டாக்டர் என்பது நினைவுக்கு வந்ததுபோல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஆறு வாரம் கத்தக்கூடாது. முடிஞ்சா பேசவே கூடாது. மீறினா ஆபரேஷன்தான். அதுக்கப்புறம் உங்க குரல் உங்க குரலாவே இருக்கும்னு நான் வாக்குக் குடுக்கமாட்டேன்."

மெல்லிடம் ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினாள். மெல்லுக்கு அறுபது தாண்டிவிட்டது, முழங்கால் போய்விட்டது, கிரேக்க நாட்டிலிருந்து பையனாக வந்து வெங்காயம் நறுக்கியே கடை போட்டவர். சீட்டைப் படித்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"லீவு எடுத்துக்கன்னு சொல்ல எனக்கும் ஆசதான். ஆனா சனிக்கிழம நீ ஜன்னல்ல இல்லாட்டி எவன் வருவான்? நீ பேசவேணாம். சும்மா நில்லு. ஒரு மொற மொறச்சாப் போதும். உன் மொறைப்புக்கே காசு குடுப்பானுங்க."

லீவு எடுத்தால் சம்பளம் கிடையாது. நின்றாள்.

முதல் ராத்திரி அதுவும் ஒரு புது வேடிக்கை என்று எடுத்துக்கொண்டார்கள். புருவத்தைத் தூக்கினால் சிரித்தார்கள். கையை இடுப்பில் வைத்தால் ஓ போட்டார்கள். இரண்டாவது வாரம் சலித்துவிட்டது. "பேசு வெர்லீன். அவ்வளவு தூரத்துலருந்து வந்திருக்கோம்." அவள் தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையசைத்தாள். "காசு குடுக்கறோம்ல?" என்றான் ஒருவன். இன்னொருவன் கண்ணாடியைக் குத்தினான். எதைச் சொன்னால் அவள் வாய் திறப்பாள் என்று பார்க்க ஆளுக்கொன்று சொல்லிப் பார்த்தார்கள். ஒருவன் சொன்னது எடுபடாதபோது அடுத்தவன் அதைவிட ஒரு படி கீழே போனான்.

அந்தச் சனிக்கிழமை நல்ல சட்டை போட்ட ஒருவன் வந்தான். பழைய வாடிக்கைதான். முகம் தெரியும். அவன் அவள் நிறத்தையும் அவள் உடம்பையும் அவளைப் பெற்றவளையும் ஒரே மூச்சில் சேர்த்து ஒன்று சொன்னான். சொல்லும்போது முகத்தில் கோபமே இல்லை. அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்துச் சொன்னான். அவனோடு வந்தவர்கள் சிரித்தார்கள்.

வெர்லீனுக்கு அந்தச் சொல் புதிது இல்லை. ஆனால் முழுசாக, முதலிலிருந்து கடைசிவரை, ஒரு எழுத்து விடாமல் அவள் அதைக் கேட்டது அன்றைக்குத்தான். இத்தனை வருஷமும் எவனாவது ஆரம்பிக்கும்போதே இவள் சத்தம் மேலே போய் விழுந்துவிடும். அவள் குரல்தான் அவள் காதை மூடி வைத்திருந்தது. இன்றைக்கு அந்த மூடி இல்லை. எத்தனை பேர் இதைச் சொல்லியிருப்பார்கள், எத்தனை ராத்திரி என்று யோசித்தாள். 

அடுப்பிலிருந்து ரொஹேலியோ இடுக்கியோடு திரும்பினான். வெர்லீன் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுக்கா. ரெண்டு தட்டு தட்டிட்டு வந்துடறேன்."

அவள் விடவில்லை. மற்றக் கையால் ஜன்னலை இழுத்து அடைத்தாள். கொக்கியைப் போட்டாள். வாசல் விளக்கை அணைத்தாள். வெளியே கூச்சல் எழுந்தது. இரண்டு பேரும் தரையில் ரொட்டிப் பெட்டி மேல் உட்கார்ந்து, அவர்கள் ஓய்ந்து போகும்வரை காத்திருந்தார்கள். ரொஹேலியோ ஒரு ஹாட் டாக்கைப் பாதியாக நறுக்கி அவளுக்குக் கொடுத்தான். அவள் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மெல் கத்தினார். பிறகு அந்த நல்ல சட்டைக்காரன் என்ன சொன்னான் என்று ரொஹேலியோவிடம் கேட்டார். ரொஹேலியோ சொன்னான். மெல் ஊறுகாய் டப்பாவை மூடி ஓரமாக வைத்தார்.

"சரி வெர்லீன். நீ அடுப்புக்குப் போ. ஜன்னல்ல நான் நிக்கறேன். இத்தன வருஷம் கேட்டிருக்கேன், எனக்குத் திட்ட வராதா?"

அவருக்கு வரவில்லை. திட்டுவதற்கும் சண்டை பிடிப்பதற்கும் நடுவே இருக்கிற மயிரிழை அவருக்குத் தெரியவில்லை. வெர்லீன் ஒருவனை அடித்துவிட்டு அடுத்த மூச்சில் அவன் தோளைத் தட்டுவதுபோல ஒன்று சொல்வாள். "போடா கண்ணு, தண்ணி குடிச்சிட்டுப் படு" என்பாள். ஒருவனையே அதிக நேரம் பிடித்துக்கொள்ளமாட்டாள். அழுதுவிடுவான் என்று தெரிந்தால் பக்கத்தில் நிற்பவனுக்குத் தாவிவிடுவாள். மெல் நிஜமாகத் திட்டினார். முழங்கால் வலியையும் கடை வாடகையையும் சேர்த்துத் திட்டினார். ஒரு பையன் நிஜமாகவே பதில் கொடுத்தான். தள்ளுமுள்ளு ஆகிச் சந்துவரை போனது. குப்பைத் தொட்டி ஒன்று பறந்து, சந்துக்கு அந்தப் பக்கம் கஸ்மரெக் குடியிருந்த கட்டிடத்தின் வாசல் கண்ணாடியில் போய் விழுந்தது.

போலீஸ் வந்து கூட்டத்தைக் கலைத்த பிறகு வெர்லீன் பின்கதவைத் திறந்து, கவிழ்த்த வாளி ஒன்றில் உட்கார்ந்திருந்தாள். கஸ்மரெக் செருப்பும் குளிர்கோட்டுமாகச் சந்தில் வந்தார். கையில் துடைப்பம். கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி ஓரமாகத் தள்ளிவிட்டு அவளைப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் ஒரே தரையில் நின்றது அதுதான் முதல் தடவை. அவள் நினைத்ததைவிட அவர் குள்ளமாக இருந்தார்.

"ஏம்மா, உனக்கு என்ன ஆச்சு? மூணு வாரமா உன் சத்தத்தக் காணோம்."

அவள் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

"நெனச்சேன். நீ இருந்தப்ப ஒவ்வொருத்தனாக் கத்துவான். இப்ப எல்லாம் சேந்து கத்தறான். போன மாசம் வரைக்கும் கடசி ஆளு வாங்கினதும் 'எல்லாம் வீட்டுக்குப் போங்கடா, உங்களப் பெத்தவ முழிச்சிருப்பா'ன்னு ஒரு கத்து கத்துவியே, அதுக்கப்புறம்தான் எனக்குத் தூக்கம் வரும். இப்ப எப்ப முடியுதுன்னே தெரியல."

வெர்லீனுக்குச் சிரிப்பு வந்தது. சத்தம் வராமல் தோள் மட்டும் குலுங்கியது. அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு எதிரே படியில் உட்கார்ந்தார்.

"நான் இதே தெருவுல ராத்திரி பஸ் ஓட்டினவன். இதே ஆளுங்கதான், இவங்க அப்பனுங்க. வாந்தி எடுப்பான், சட்டயப் பிடிப்பான், நான் வாயே தொறக்கமாட்டேன். வீட்டுக்குப் போயி அத்தனையும் எம் பொண்டாட்டிகிட்டக் கத்துவேன். அவ போயிட்டா."

வெர்லீன் நெஞ்சில் கை வைத்தாள்.

"செத்தெல்லாம் போகல. மில்வாக்கில தங்கச்சி வீட்ல இருக்கா. நல்லாத்தான் இருக்கா." எழுந்துகொண்டார். "அடுத்த வாரம் கவுன்சிலர் கூட்டம் போட்டிருக்காங்க, உங்க கடையப் பத்தி. நான் பேசப்போறேன். பன்னெண்டு மணிக்கு மூடச் சொல்லித்தான் பேசப்போறேன். உன்மேல ஒண்ணும் இல்லம்மா. முன்னாடியே சொல்லிடலாம்னு."

கூட்டம் நூலகத்தின் கீழ்த்தளத்தில் நடந்தது. அதற்குள் வெர்லீனுக்குக் கொஞ்சம் குரல் வந்திருந்தது. ஆனால் பழைய குரல் இல்லை, யாரோ பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல இருந்தது. மெல் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து, அவளை முன்வரிசையில் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். "நீ ஒண்ணும் பெருசா சொல்லவேணாம். 'கடை என் வீடு மாதிரி, மூடாதீங்க'ன்னு மட்டும் சொல்லு. ஜனங்க உன் பக்கம்." ஜனங்கள் அவள் பக்கம்தான். கடையின் பெயர் போட்ட சட்டையோடு ஒரு கூட்டம் பின்னால் நின்றது. அவள் எழுந்ததும் கைதட்டினார்கள். "அவங்களத் திட்டு வெர்லீன்" என்று யாரோ சொல்ல, கவுன்சிலரின் உதவியாளர்கூடச் சிரித்தான்.

அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றாள். முதல் வரிசையில் ஒரு பெண் உதவி செய்கிறவள்போல எழுந்தாள். "நீங்க அத ரசிச்சுத்தானே செய்யறீங்க? அதுதானே அந்த இடத்தோட அழகு. எங்க கல்யாண ராத்திரிக்கே நாங்க அங்கதான் வந்தோம்."

"ஞாபகம் இருக்கு கண்ணு" என்றாள் வெர்லீன். குரல் அடங்கியிருந்ததால் எல்லாரும் கழுத்தை நீட்டிக் கேட்டார்கள். "மழை பெஞ்சிட்டிருந்துது. உன் கவுனு ஓரமெல்லாம் சேறு. நான் உன்ன ஒண்ணும் சொல்லல, உன் புருஷனத்தான் சொன்னேன். திருப்பி அவரு என்ன சொன்னாருன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?"

அந்தப் பெண்ணின் முகத்தில் சிரிப்பு இருந்தது. பிறகு நினைவு வந்துவிட்டது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. அவள் மெதுவாக உட்கார்ந்தாள்.

"நீ கெட்ட பொண்ணு இல்ல" என்றாள் வெர்லீன். "அவரும் கெட்டவரா இருக்கமாட்டாரு. குடிச்சிருந்தாரு. எல்லாரும் குடிச்சிருந்தாங்க. நான் ஒருத்திதான் குடிக்கல." கொஞ்சம் நிறுத்தித் தண்ணீர் குடித்தாள். "பன்னெண்டு மணிக்கு மூடினா எனக்கு எங்க பக்கம் போற கடசி ரயிலு கெடைக்கும். ராத்திரி பஸ்ஸுல போகவேணாம். அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்."

மெல் அவளைப் பார்க்கவில்லை. தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். கஸ்மரெக் எழுந்து, பேச வந்ததை எல்லாம் மறந்தவர்போல, "அவங்க சொல்றதுதான்" என்று உட்கார்ந்துவிட்டார்.

நள்ளிரவோடு மூடவேண்டும், ஒரு வருஷம் பார்ப்போம் என்று முடிவானது. நூலகத்து வாசலில் மெல் அவளைப் பிடித்துக்கொண்டார். சண்டை போடத்தான் வந்திருப்பார் என்று நினைத்தாள்.

"முதல் நாளே ஏன் சொல்லல?" என்றார்.

"எத மெல்?"

"ஒனக்குப் பிடிக்கலன்னு."

"நீங்க கேக்கல. எனக்கே தெரியாது. சம்பாதிச்சேன், பிள்ளய வளத்தேன், யோசிக்கல."

அவர் தலையாட்டிவிட்டுப் படியில் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து இறங்கிப் போனார்.

மெல் கடைக்கு அது நல்ல வருஷம் இல்லை. ராத்திரிக் கூட்டம் போனதும் பாதி வியாபாரம் போயிற்று. ரொஹேலியோ பக்கத்து ஊரான சிசரோவில் ஒரு பேக்கரிக்கு மாறிக்கொண்டான், போகிற அன்று அவனுக்கு வருத்தமும் கோபமும் இருந்தது, "அக்கா, உன்ன நான் ஒண்ணும் சொல்லல. ஆனா எனக்கு மூணு பசங்க" என்றான். அது நியாயம் என்று வெர்லீனுக்குத் தெரியும். அன்றைக்கெல்லாம் அது நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. அவள் கொஞ்ச நாள் பகல் வேலையில் நின்றாள். சுற்றுலா வந்தவர்கள் போனை நீட்டிக்கொண்டு வந்து, "அந்தத் திட்டறவங்க நீங்கதானே? ஒண்ணே ஒண்ணு திட்டுங்க, எங்கம்மாவுக்கு அனுப்பணும்" என்பார்கள்.

"அவ ராத்திரி ஷிஃப்ட்டு" என்பாள்.

"எப்ப வருவாங்க?"

"வரமாட்டா. வேலய விட்டுட்டா. வெங்காயம் போடலாமா?"

கடைசியில் மெல் கடையை விற்றார். வாங்கியவர்கள் இளம் தம்பதி. கெட்டிக்காரர்கள், மரியாதையாகவும் பேசினார்கள். வெர்லீனைக் காப்பிக் கடைக்குக் கூட்டிப்போய், புதிதாக வருகிற பெண்களுக்கு எப்படித் திட்டுவது என்று கற்றுக்கொடுக்க முடியுமா என்று கேட்டார்கள். வீட்டிலிருந்தே செய்யலாம், களைப்பு இருக்காது என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தவள் பிறகு போன் எடுக்கவே இல்லை. ரெனீட்டா வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துச் சமையலறையில் ஆள் கேட்டிருந்தார்கள். அங்கே சேர்ந்துகொண்டாள். சம்பளம் குறைவு. நடந்தே போய்விடலாம். பிள்ளைகள் தட்டை நீட்டிக்கொண்டு இரைச்சல் போடுவார்கள், அவள் தன் புதுக் குரலில், "வரிசையா வாங்க கண்ணுங்களா" என்பாள். கேட்கிறவர்கள் கேட்பார்கள். கேட்காதவர்களுக்கும் சோறு போடுவாள். சர்ச்சில் அவளை மேல் குரல் வரிசையிலிருந்து கீழ்க் குரல் வரிசைக்கு மாற்றினார்கள். முதலில் அது கஷ்டமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

ராத்திரித் தூக்கம்தான் வெகு நாள் வரவில்லை. இருட்டில் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருப்பாள். மூன்று மணிக்கு உடம்பு தானாக எழுந்து உட்காரும். அந்த நேரத்தில் ஜன்னலில் என்ன நடந்துகொண்டிருக்கும் என்று மனம் போகும். அந்த நல்ல சட்டைக்காரன் சொன்னது திரும்பக் காதில் விழும். ஒருநாள் ரெனீட்டாவிடம் அதைச் சொன்னாள். முழுசாக, அவன் சொன்ன வார்த்தையிலேயே சொன்னாள். ரெனீட்டா அழுதாள். வெர்லீன் அழவில்லை, ஆனால் அன்று ராத்திரி விடியும்வரை தூங்கினாள். அதற்கப்புறம் சில ராத்திரி தூக்கம் வந்தது, சில ராத்திரி வரவில்லை.

அடுத்த வருஷம் இலையுதிர் காலத்தில் ஒருநாள் ராத்திரி ரொஹேலியோ போன் செய்தான். பேக்கரியில் வேலை பிடித்திருக்கிறது, பெரியவன் காலேஜில் சேர்ந்துவிட்டான் என்றெல்லாம் சொல்லிவிட்டு, "சேதி தெரியுமாக்கா? புது ஆளுங்க கவுன்சிலரப் பிடிச்சு மறுபடி நாலு மணி வரைக்கும் அனுமதி வாங்கிட்டாங்க. போன வாரத்துலருந்து தொறந்திருக்கு" என்றான்.

வெர்லீன் படுக்கையில் உட்கார்ந்தாள். "ஜன்னல்ல யாரு?"

"ஒரு நடிகை. நாடகக் கம்பெனிலருந்து கூட்டியாந்திருக்காங்க. நான் போய்ப் பாத்தேன். நல்லாத்தான் திட்டுது. ஆனா எழுதிக் குடுத்தத மனப்பாடம் பண்ணிட்டு வந்து சொல்லுது. என்னயே ரெண்டு தடவ ஒரே மாதிரி திட்டுச்சு."

"அந்தப் பொண்ணு எத்தன மணி நேரம் நிக்குது?"

"ரெண்டு பேரு மாறி மாறி நிக்கறாங்க. வாசல்ல ஒரு தடியனக் காவலுக்குப் போட்டிருக்காங்க."

"அது நல்லது" என்றாள் வெர்லீன். "கஸ்மரெக்?"

"தெனம் போலீஸுக்குப் போன் போடறாராம். சனிக்கிழமைக்கு மட்டும்னு இல்ல, தெனம்."

வெர்லீன் மனதில் கூட்டம், மைக், அந்தக் கல்யாணப் பெண்ணின் முகம் எல்லாம் வந்து போயின. கோபம் வருமா என்று காத்துப் பார்த்தாள். வரவில்லை.

"அக்கா, இருக்கியா?"

"இருக்கேன் ரொஹேலியோ. மணி ஒம்போது ஆவுது. காலைல பிள்ளைங்களுக்கு முட்டை வேக வைக்கணும். பசங்களக் கேட்டதா சொல்லு."

போனை வைத்துவிட்டு விளக்கை அணைத்தாள். மாடியில் யாரோ நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்தாள்.